பதினைந்து டாலர் ரசீது

யூட்டா மாநிலத்துச் சயான் தேசியப் பூங்காவில் மலையைக் குடைந்து செல்லும் சாலையில், 2026 ஜூன் 7 முதல் பெரிய வண்டிகளை விடுவதில்லை என்று பூங்கா நிர்வாகம் அறிவித்த செய்தி கண்ணில் பட்டது. 1930இல் திறக்கப்பட்ட சாலை அது. அந்தக் காலத்துக் கார்களின் அளவுக்குக் குடைந்த சுரங்கத்தில் இன்றைய பெரிய வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்றையொன்று கடக்க முடியாது. அறிவிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது சுரங்கமல்ல. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், என் அப்பாவின் மணிபர்ஸுக்குள், வங்கி அட்டைக்கும் முருகன் படத்துக்கும் நடுவே நாலாக மடித்து வைக்கப்பட்டிருக்கும் ஒரு ரசீதுதான். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்துத் தள்ளிப்போட்டிருக்கிறேன். இனித் தள்ளிப்போடக் காரணமில்லை.

அப்பா லாரி ஓட்டுநர். 1968இல் கிளீனராக ஏறி, ஐந்து வருடத்தில் ஸ்டியரிங் பிடித்து, 2006இல் கண்புரை வந்து இறங்கும்வரை வேறு தொழில் அறியாதவர். சொந்தமாக வண்டி வைத்திருந்ததில்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துக்காரர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது. மழையை நம்ப முடியாத மண்ணிலிருந்து எழுந்து சக்கரத்தைப் பற்றிக்கொண்ட ஊர்கள் அவை. அங்கே தெருவுக்கு நாலு வீட்டில் அப்பாக்கள் மாதத்தில் நாலு நாள்தான் இருப்பார்கள். என் வீடும் அப்படித்தான்.

2016இல் அம்மா இறந்தாள். 2018 ஏப்ரலில் அப்பாவைக் கலிபோர்னியாவுக்கு வரவழைத்தேன். வந்தவருக்குப் பொழுது போகவில்லை. வியாழக்கிழமை காலையில் குப்பை வண்டி வரும்போது மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போவார். இரும்புக் கையை நீட்டித் தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கும் அந்த வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு உள்ளே வருவார். இரண்டு மாதம் இதைக் கவனித்த என் மனைவிதான், “கோடை விடுமுறைக்கு ஆர்.வி. எடுக்கலாம், மாமாவுக்குப் பிடிக்கும்” என்றாள்.

ஆர்.வி. என்று அமெரிக்கர் சுருக்கிச் சொல்லும் வண்டியை, படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவன் என்று சொன்னால் நம்மூரில் புரியும். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும். நாங்கள் எடுத்தது 25 அடி நீளமுள்ளது. ஓட்டுநர் தலைக்கு மேலே பரண்போல் ஒரு படுக்கை உண்டு. என் இரண்டு பிள்ளைகளும் அதைப் பார்த்த கணமே தங்கள் சொத்தாக்கிக்கொண்டார்கள். அதை ஓட்டச் சாதாரணக் கார் உரிமமே போதும். வாழ்க்கையில் கார் மட்டுமே ஓட்டிய ஒருவனிடம் நாலரை டன் கனமுள்ள வண்டியை அரைமணி நேரக் காணொளியைக் காட்டிவிட்டு ஒப்படைக்கிறார்கள் என்பதை அப்பாவால் கடைசிவரை ஏற்க முடியவில்லை.

சான் ஹோசேயிலிருந்து விமானத்தில் லாஸ் வேகாஸ் போய் அங்கே வண்டியை எடுத்தோம். வாடகை நாளுக்கு 150 டாலர், மைலுக்கு 35 சென்ட், ஜெனரேட்டர் ஓடினால் மணிக்கு 3 டாலர், பாத்திரத்துக்கும் போர்வைக்கும் தனிக் காசு என்று கணக்கு நீண்டது. அலுவலர் எனக்குப் பத்திரங்களை விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயர்களைக் காலால் எற்றிப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம்.

“சாமி, சேசி ஒருத்தன், பாடி ஒருத்தன். நம்மூர் மாதிரியேதான்.”

அவர் சொன்னது உண்மை. எஞ்சினும் சேசியும் ஃபோர்டினுடையவை. அதன்மேல் வீட்டைக் கட்டுவது வேறு நிறுவனம். இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் என்ற ஊரைச் சுற்றித்தான் இந்த வண்டிகளில் பெரும்பகுதி கட்டப்படுகின்றன. சேசி எங்கிருந்தோ வர, நாமக்கல் பட்டறைகளில் மரமும் தகரமும் வைத்து லாரிக்குப் பாடி கட்டுவதுபோலத்தான். பத்து வருடமாக அமெரிக்காவில் இருக்கும் எனக்குத் தெரியாத எல்கார்ட்டை, அந்தப் பெயரே கேட்டிராத அப்பா ஒரே குனிதலில் கண்டுபிடித்துவிட்டார்.

மைலேஜ் கேட்டார். காலனுக்கு எட்டு மைல் என்றேன். மனதுக்குள் லிட்டருக்கும் கிலோமீட்டருக்கும் மாற்றிக்கொண்டு சிரித்தார். “நம்ம வண்டி ஒம்பது டன் ஏத்திக்கிட்டு நாலு குடுக்கும். இது அஞ்சு பேர ஏத்திக்கிட்டு மூணரை.” பிறகு தயங்கி, “கொஞ்ச தூரம் நான் புடிச்சுப் பாக்கட்டுமா?” என்றார். ஒப்பந்தத்தில் பெயர் எழுதியவர் மட்டுமே ஓட்டலாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. “அதுஞ்செரி” என்று சொல்லிவிட்டு வலப்பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். நம்மூர் வண்டியில் ஓட்டுநர் உட்காரும் பக்கம் அது. அன்று முழுவதும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடிக்கொண்டேயிருந்தது.

வர்ஜின் ஆற்றின் பள்ளத்தாக்கைக் கடந்து மாலையில் சயான் வாசலுக்குப் போனோம். நுழைவுக் கட்டணத்தோடு, சுரங்கத்துக்கென்று தனியாக 15 டாலர் கேட்டார்கள். பதினொன்றே கால் அடிக்கு மேல் உயரமோ ஏறத்தாழ எட்டடி அகலமோ உள்ள வண்டிக்கெல்லாம் அந்தக் கட்டணம். கொடுத்தேன். அப்பா, “ரசீது குடுத்தானா?” என்றார். கொடுத்தார்கள் என்றேன். கையை நீட்டி வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார். அப்போது எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

கேம்ப் கிரவுண்டில் எங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குள் வண்டியைப் பின்னோக்கி விட வேண்டும். ஒரு பக்கம் மரம், மறுபக்கம் மின்சாரக் கம்பம். மூன்று முறை முயன்று தோற்றேன். பக்கத்து இடங்களில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் பின்னால் போனார். பக்கவாட்டுக் கண்ணாடியில் அவர் உருவம் தெரிந்தது. அடுத்த கணம் அந்தச் சிவந்த மலைகளுக்கு நடுவே, “வா வா வா வா... ஒடிச்சு வா... நேர் பண்ணு... வரலாம் வரலாம்... ஹோல்டான்!” என்ற குரல் எழுந்தது. உள்ளங்கையால் வண்டியின் உடம்பில் இரண்டு தட்டு. ஒரே மூச்சில் வண்டி நின்ற இடம் அளவெடுத்ததுபோல் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் கைதட்டினார். அப்பா வெட்கப்பட்டுப் பிள்ளைகளைத் தேடிப் போனார்.

எனக்கோ அந்த இரண்டு தட்டும் வேறு எங்கோ கேட்டன.

1990 மே மாதம். எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விடுமுறை. சேலத்து ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நாக்பூருக்குப் போகும் நடையில் அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டார். மராட்டியர்கள் விரத நாளில் உண்ணும் ஜவ்வரிசியில் பெரும்பங்கு நம்முடைய சேலத்திலிருந்துதான் போகிறது என்று அன்றுதான் அறிந்தேன். அப்போது அந்தச் சாலைக்கு ஏழாம் எண் நெடுஞ்சாலை என்று பெயர், இப்போது 44. பெங்களூரு, ஹைதராபாத் வழியாக மூன்று இரவுகள். கேபினுக்குள் ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் ஒரு பலகைப் படுக்கை. பம்பு ஸ்டவ்வில் சோறு பொங்கி, பெரிய வெங்காயமும் தக்காளியும் போட்டு ஒரு குழம்பு. பெட்ரோல் பங்க் குழாயடியில் குளியல். கிளீனர் அண்ணன் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தார். பின்னால் நின்று குரல் கொடுக்க வேண்டும், நிறுத்த வேண்டுமென்றால் பாடியில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். நான் தட்டி அப்பா நிறுத்தினார். அவ்வளவு பெரிய வண்டி என் உள்ளங்கைக்குக் கட்டுப்பட்ட கர்வத்தை வேறு எதிலும் நான் அடைந்ததில்லை.

இரண்டாம் இரவு ஒரு மாநில எல்லையில் சோதனைச் சாவடி. அப்பா வழக்கம்போல் காகிதங்களோடு, அவற்றுக்குள் மடித்த நோட்டோடு இறங்கிப் போனார். நான் கேபினிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் பத்து ரூபாய் கேட்டிருக்க வேண்டும். அப்பா ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆள் காகிதங்களைப் பிடுங்கித் தரையில் வீசினான். அப்பா குனிந்து பொறுக்கும்போது கையிலிருந்த தடியால் தோளில் ஓங்கி ஒன்று வைத்தான். அப்பா சிரித்தார். அடி வாங்கிய தோளைத் தடவாமல், எதுவும் நடக்காததுபோல் சிரித்துக்கொண்டே பத்து ரூபாயை எடுத்துக் கொடுத்தார். வண்டிக்குத் திரும்பி ஏறியபோது நான் கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தேன். வெகுநேரம் என்ஜின் ஓசை மட்டும் கேட்டது.

அடுத்த விடுமுறைக்கு அப்பா கூப்பிட்டார். டியூஷன் என்றேன். அதற்கடுத்த விடுமுறையில் வாந்தி வரும் என்றேன். பிறகு அவர் ஒவ்வொரு முறையும் கேட்பதும் நான் மறுப்பதும் ஒரு சடங்காயிற்று. எதனால் என்று நான் சொன்னதில்லை. படித்தேன், வேலைக்குப் போனேன், கடல் தாண்டினேன். உத்தியோகப் படிவங்களில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘போக்குவரத்து’ என்று எழுதியவன் நான். அந்தச் சொல்லுக்குள் நான் ஒளித்துவைத்தது வறுமையை அல்ல, அந்தச் சிரிப்பை.

மறுநாளும் சயானிலேயே தங்கிவிட்டு, அதற்கடுத்த காலை சுரங்கத்தை நோக்கி ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகள் வந்ததும் அப்பா எண்ணத் தொடங்கி, சட்டென்று முடிந்துவிட்டதில் ஏமாந்தார். கொல்லிமலைக்கு எழுபது, திம்பத்துக்கு இருபத்தேழு என்று பேரப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொன்னார். சுரங்க வாயிலில் தொப்பியணிந்த ஒரு பெண் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். வானொலிக் கருவியில் மறுமுனையோடு பேசினார். பிறகு என் ஜன்னலருகே வந்து, எதிரே வரும் வண்டிகளை நிறுத்தியிருக்கிறோம், சாலையின் நடுவிலேயே போகலாம், அவசரமில்லை என்றார். அப்பா என்னவென்று கேட்டார். சொன்னேன்.

“நமக்கோசரம் எதுத்தாப்புல வர்ற வண்டியெல்லாம் நிக்குதா?”

“ஆமாங்கப்பா.”

ஒரு மைலுக்குச் சற்று நீளமான சுரங்கம். விளக்கு கிடையாது. பாறையில் ஆங்காங்கே வெட்டியிருக்கும் சாளரங்கள் வழியாக ஒரு கணம் வெயிலும் பள்ளத்தாக்கும் தோன்றி மறைந்தன. நடுக்கோட்டின் மேலேயே ஓட்டினேன். வெளியே வந்ததும் மறுமுனையில் கார்கள் வரிசையாகக் காத்துக் கிடந்தன. இருபதுக்குக் குறையாது. அப்பா அந்த வரிசை முடியும்வரை தலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு யாரிடமும் இல்லாமல் சொன்னார்:

“கை ஓங்காம நிறுத்தறாங்க.”

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அவர் மறக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியுமா என்பதுதான் தெரியவில்லை. இருபத்தெட்டு வருடமாக நான் கேட்காமலிருந்த கேள்வி, 25 அடி வண்டிக்குள் எங்கள் இருவருக்கும் நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்றிரவு பிரைஸ் கேன்யன். எட்டாயிரம் அடி உயரம், ஜூனிலும் குளிர். அங்கே வண்டிக்கு மின் இணைப்பு இல்லை; குறித்த நேரத்துக்குப் பிறகு ஜெனரேட்டரும் ஓட்டக்கூடாது. நள்ளிரவில் விழித்தபோது அப்பாவின் படுக்கை காலியாக இருந்தது. முன்னிருக்கையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நேரே கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மெத்தையில் தூக்கம் வரவில்லை என்றார். எனக்கும் பிறகு தூக்கம் வரவில்லை. ஜான் ஸ்டீன்பெக்கை நினைத்துக்கொண்டிருந்தேன். 1960இல் அவர் ஒரு சரக்கு வண்டியின்மேல் சிறு வீட்டைப் பொருத்தி, அதற்கு டான் குயிக்சாட்டின் குதிரைப் பெயரான ரோசினாண்டே என்று பெயரிட்டு, சார்லி என்ற நாயோடு அமெரிக்காவைச் சுற்றினார். 1962இல் வந்த அந்தப் பயணநூலைப் படித்துத்தான் இந்த வண்டிகள்மேல் எனக்கு ஆசையே உண்டாயிற்று. ஆனால் அதே ஸ்டீன்பெக் 1939இல் வேறொரு வண்டியைப் பற்றி எழுதியிருந்தார். பழைய ஹட்சன் காரை வெட்டி லாரியாக்கி, பாட்டன் பாட்டி குழந்தைகளோடு ஒக்லஹோமாவிலிருந்து பிழைக்கக் கிளம்பிய ஜோட் குடும்பத்தின் வண்டி. இரண்டிலும் மனிதர்கள் சக்கரத்தின்மேல்தான் சமைக்கிறார்கள், உறங்குகிறார்கள். ஒன்றில் இறங்கிக்கொள்ள வீடு இருக்கிறது, மற்றதில் இல்லை. என் அப்பா முப்பத்தெட்டு வருடம் வாழ்ந்த வாழ்க்கையை நான் நாளுக்கு 150 டாலர் கொடுத்து ஒரு வாரம் விளையாடிக்கொண்டிருந்தேன்.

கிராண்ட் கேன்யனில் இரண்டு இரவுகள் கழித்துத் திரும்புகையில், 40ஆம் நெடுஞ்சாலையில் கிங்மன் அருகே ஒரு டிரக் நிறுத்தத்தில் எண்ணெய் போட நின்றோம். ஜோட் குடும்பம் போன 66ஆம் எண் சாலை அந்தப் பக்கமாகத்தான் போயிற்று. ஓட்டுநர்கள் குளிக்க அறை, துணி துவைக்க எந்திரம், உட்கார்ந்து உண்ண இடம் என்று எல்லாம் இருந்ததை அப்பா ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். நான் காசு கட்டிவிட்டு வந்தபோது, பதினெட்டுச் சக்கர வண்டி ஒன்றின் நிழலில் தலைப்பாகை அணிந்த ஒரு சீக்கிய ஓட்டுநரோடு பேசிக்கொண்டிருந்தார். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பஞ்சாபிகள் ஏராளம். அப்பாவுக்குச் சாலையில் கற்ற இந்தி தெரியும். எனக்குத் தெரியாது. இருவர் கையிலும் ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிய தேநீர். அப்பா அவ்வளவு சரளமாகப் பேசி நான் கேட்டதில்லை. நடுவே என்னைக் காட்டி ஏதோ நீளமாகச் சொன்னார். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அப்பா கைகழுவப் போனதும் அவர் ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார்: “நாக்பூர்வரை நீங்கள் கிளீனராகப் போனீர்களாமே? வழியில் எவனோ அவரை அடித்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று அவருக்குத் தெரியுமாம். அதன்பிறகு ஒவ்வொரு லீவுக்கும் உங்களைக் கூப்பிட்டுப் பார்ப்பாராம். வரமாட்டேன் என்று நீங்கள் சொன்னதும் நிம்மதியாக வண்டியை எடுப்பாராம். எங்கே ஒருநாள் சரி என்று சொல்லிவிடுவீர்களோ என்றுதான் பயம் என்றார்.”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். அப்பா வந்ததும், “சிங்கு நல்ல மனுசன், டீக்குக் காசு வேண்டாம்னுட்டான்” என்றார். நான் வண்டியை எடுத்தேன். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நான் மறுத்தது அவரைப் புண்படுத்தியிருக்கும் என்றே இத்தனை வருடம் வருந்தியிருந்தேன். அந்த மறுப்பைத்தான் அவர் என்னிடம் வேண்டிக்கொண்டிருந்தார் என்பது, நான் அறியாத மொழியில், அன்னியர் ஒருவர் வழியாக எனக்கு வந்து சேர வேண்டியிருந்தது.

வண்டியைத் திருப்பிக் கொடுக்குமுன் கழிவுத் தொட்டிகளைக் காலி செய்ய வேண்டும். மூன்று தொட்டிகள்: நல்ல நீர், குளித்த நீர், கழிவறைக் கழிவு. கழிவறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும். பிறகு குளித்த நீரை விட்டால் அது குழாயை அலசிவிடும். கையுறை மாட்டிக்கொண்டு குழாயை எடுத்தபோது அப்பா வந்து அதைப் பற்றினார். “உடு சாமி, இதெல்லாம் நான் பாத்துக்கறேன்.” நான் விடவில்லை. சற்று நேரம் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் கையை எடுத்துக்கொண்டார். “செரி, நல்லாக் கைய கழுவிக்க” என்று மட்டும் சொன்னார். அந்த நேரத்தில் உள்ளே போய்த் தரையைக் கூட்டி, கண்ணாடியைத் துடைத்து, முதலாளியிடம் வண்டி ஒப்படைப்பதுபோல் சுத்தம் செய்து வைத்தார்.

வாடகை அலுவலகத்தில் ஓர் இளைஞன் அட்டையும் பேனாவுமாக வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான். அப்பா நேராக நிமிர்ந்து நின்றார். வலது கை சட்டைப்பைக்குள் போய் வந்தது. கவனித்தேன்: மூடிய உள்ளங்கையில் சிறிதாக மடித்த பத்து டாலர் நோட்டு. செலவுக்கென்று நான் கொடுத்து வைத்திருந்த பணம். இளைஞன் எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்திட்டு, நன்றி சொல்லி, அப்பாவுக்கும் கைகொடுக்க வந்தான். அப்பா திகைத்தார். அவசரமாக நோட்டை இடது கைக்கு மாற்றிவிட்டு வலது கையை நீட்டினார்.

எண்ணெயையும் சேர்த்து மொத்தம் 1,900 டாலர் ஆயிற்று. அப்பா ரூபாயில் கேட்டார். ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம் என்றேன். “ஆறு டயரும் புதுசாப் போட்டுரலாம்” என்றார். பத்து டாலரைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டார்.

நம் நாட்டில் 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது பல மாநிலங்கள் எல்லைகளிலிருந்த வரிச் சோதனைச் சாவடிகளை எடுத்துவிட்டன. எங்களை நிறுத்திய அந்த இடம் இன்று எப்படியிருக்கும் என்று நான் தேடிப் போனதில்லை. சயான் செய்தியைப் படித்த அன்று இரவு அப்பாவுக்குத் தொலைபேசினேன். அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. இனி அந்தச் சுரங்கத்தில் நம்மைப் போன்ற வண்டிகளை விடமாட்டார்கள், சுற்றுவழியில்தான் போக வேண்டும் என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்பிடீன்னா பெட்ரோலுக்குக் கேடு” என்றார். பிறகு, “அந்த ரசீது இருக்குது. எழுத்துதான் அழிஞ்சு போச்சு” என்றார்.